கோட்டின் மேல் நின்ற கப்பல்கள்

குண்டு படுமா படாதா என்று ஐயம் எழும் இடத்தில் அந்த ஐயத்தின் பலனை யாருக்குக் கொடுப்பது? சுடுகிறவருக்கா, சுடப்படுகிறவருக்கா? சமூகப்பணியில் முதுகலைப் பட்டம் பெற்றவளிடம் இதைக் கேட்டால் விடை சொல்ல மூச்சு விடும் நேரம்கூட ஆகாது. எனக்கும் ஆகவில்லை. சுடப்படுகிறவருக்குத்தான் என்றேன். அதை விதியாகவே எழுதி, எண் கொடுத்து, அடிக்கோடும் இட்டேன். பிறகு ஒரு நாள் சிவகாசியில் ஓர் அச்சகத்தின் மேசை மேல், காலிப் பட்டாசுக் குழாய்களால் செய்த விண்கப்பல்கள் ஒன்றையொன்று முறைத்தபடியே நின்றன. ஒரு குண்டும் வெடிக்காமல் பிற்பகல் நகர்ந்துகொண்டிருந்தது. அப்போதுதான் அந்தக் கேள்வி என்னைப் பிடித்து உலுக்கியது.

ஆட்டம் என் நண்பனுடையது. கல்லூரியில் உடன் படித்தவன். அந்த அச்சகத்தில் டிசைனர். பட்டாசுப் பெட்டிகளுக்காக மயிலும் சிங்கமும், காரணமே இல்லாமல் சிரிக்கும் கொழுகொழுக் குழந்தையும் ஆண்டு முழுவதும் வரைகிறவன். மேசை மேல் சிறு கப்பல் பொம்மைகளை நகர்த்திப் போரிடும் வெளிநாட்டு ஆட்டங்களை இணையத்தில் பார்த்துப் பார்த்து வயிறெரிந்து, நாமே ஒன்று செய்தால் என்ன என்று இறங்கிவிட்டான். கப்பல் கட்டுவதற்கு எங்கள் பகுதியில் பொருளுக்குப் பஞ்சமில்லை. மருந்து நிரப்பாத ராக்கெட் குழாய் உடலாயிற்று. பூச்சட்டிக்கான கூம்பு மூக்காயிற்று. தரைச்சக்கரத்தின் அட்டை வளையத்தை வாலில் ஒட்டினால் எஞ்சின். வேறு ஊர்க்காரர் பார்த்தால் விண்கப்பல் என்பார். எங்கள் ஊர்க்காரர் பார்த்தால், மருந்து போட மறந்த சரக்கு என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

ஒவ்வொரு கப்பலும் ஒரு சதுர அட்டையின் நடுவில், குச்சி ஒன்றின் மேல் நிற்கும். அட்டையின் நடுவிலிருந்து நான்கு மூலைகளுக்கும் கோடுகள் போகும். அவை கப்பலைச் சுற்றியுள்ள வெளியை முன், பின், இடம், வலம் என்று பிரிக்கும். இந்தப் பகுதிகளை வீச்சு என்று அழைத்தோம். முன்வீச்சுக்குள் வரும் எதிரியைப் பெரிய பீரங்கியால் சுடலாம். பக்கவீச்சுக்குள் வந்தால் சிறு பீரங்கி. பின்வீச்சில் பீரங்கியே கிடையாது. அங்கே வந்து நிற்கிறவன் கொடுத்துவைத்தவன். கப்பல்கள் நேராகப் போகலாம், அல்லது நின்ற இடத்திலேயே கால் வட்டம் திரும்பலாம். பெரிய கப்பல் கனமானது என்பதால் முதலில் நகர வேண்டும். சிறு கப்பல்கள் அதைப் பார்த்துவிட்டு நகரும், ஒரே சுற்றில் திரும்பி முன்னேறவும் செய்யும். எங்கே நிற்கிறோம், எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோம் என்பதுதான் ஆட்டம். பகடை உருட்டுவதெல்லாம் அதற்குப் பிறகு.

விருதுநகரில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடினோம். நானும் அம்மாவும் சர்ச்சில் ஆராதனை முடிந்து வந்திருப்போம். எனக்கும் நண்பனுக்கும் அடுத்து மூன்றாவது ஆட்டக்காரரான கணக்கு ஆசிரியர் சாத்தூரில் பூசை முடித்துப் பேருந்து பிடித்து வருவார். மூவரில் அவர்தான் விதிகளை வரிவரியாகப் படிப்பவர். தேர்வுத்தாள் திருத்தும் பழக்கம் அப்படி. ஒரு கப்பல் வீச்சுக்கோட்டின் மேலேயே நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதில் அவருக்கும் நண்பனுக்கும் வாரந்தோறும் சண்டை.

"கோட்டுக்கு அகலமே கெடையாது தம்பி. ஒண்ணு இங்கிட்டு இருக்கணும், இல்ல அங்கிட்டு இருக்கணும்."

"உங்க போர்டுல வேணா அகலம் கெடையாது சார். நான் அரை பாயின்ட்ல போட்டிருக்கேன். பிளேட்டு எடுத்து, மெஷின்ல ஓட்டி, மை காய்ஞ்சு வந்த கோடு. அகலம் இல்லாமயா கண்ணுக்குத் தெரியுது?"

"அப்ப உம்ம கோடு கோடே இல்ல. ஒல்லியா ஒரு செவ்வகம்."

இந்தச் சண்டையைத் தீர்க்கத்தான் விதிப்புத்தகம் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. நான் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். மல்லாங்கிணறு பக்கத்துக் கிராமங்களில் மகளிர் குழுக்களுக்கு வழிகாட்டு நெறிமுறைகள் எழுதுவது என் பணிகளில் ஒன்று. ஆகவே விதி என்றால் என்னிடம்தான் வருவார்கள். வந்தால் நானும் விடமாட்டேன். முன்னுரை எழுதினேன். நோக்கம் எழுதினேன். போரின் அவலம் குறித்து ஒரு பத்தி எழுதினேன். எட்டாம் விதி இப்படி அமைந்தது: 'இலக்குக் கப்பலின் நடுக்குச்சி இரு வீச்சுகளைப் பிரிக்கும் கோட்டின் மேல் அமையுமாயின், ஐயத்தின் பலன் இலக்குக்கே உரியதாகும், எவ்வீச்சிலிருந்தும் அதனைச் சுடலாகாது.'

கப்பல் அழிவதை 'வெடித்தல்' என்று எழுதவும் எனக்குக் கை வரவில்லை. 'செயலிழப்பு' என்று எழுதினேன். அரசு மருத்துவமனையில் செவிலியராக இருக்கும் அம்மா சோற்றைப் பரிமாறிக்கொண்டே அதைப் படித்தார்.

"வெடிச்சுச்சுன்னா வெடிச்சுச்சுன்னு எழுது. எங்க வார்டுல வந்து செயலிழப்புன்னு சொன்னா, எந்தக் கிட்னின்னு கேப்பாக."

அம்மாவால் அப்படிப் பேச முடியும். அவர் வேலை பார்ப்பது தீக்காயப் பிரிவில். என்னால் முடியவில்லை. ஆமத்தூர் தாண்டிப் பேருந்து போகையில் தொலைவில் புகை எழுந்தால் நடத்துநர் உட்பட எல்லோரும் கைபேசியை எடுப்பார்கள். ஒவ்வொருவருக்கும் மறுமுனையில் குரல் கேட்கும்வரை பேருந்தில் வேறு பேச்சு இராது. அந்தப் பேருந்தில் நானும் இருந்திருக்கிறேன். எந்த ஊரில் எந்தச் சொல்லைக் கொண்டு விளையாடலாம் என்று யோசிக்காமல் ஒரு பெட்டியை அச்சடித்து விற்க எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆகவே இன்னொரு விதியும் சேர்த்தேன். செயலிழக்கும் கப்பலிலிருந்து ஒரு சாண் தொலைவுக்குள் நிற்கும் எல்லாக் கப்பல்களும், நட்பு பகை பாராமல், அடிவாங்கும். பட்டாசு ஆலையில் அறைகளை ஏன் தள்ளித் தள்ளிக் கட்டுகிறார்கள் என்பதை ஆடுகிற பிள்ளை ஒன்றாவது யோசிக்கட்டும் என்பது என் எண்ணம். அது புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. அதுவரை யாரும் படித்ததில்லை, கணக்கு ஆசிரியர்கூட.

கோட்டுச் சண்டையே இனி கூடாது என்று நண்பன் தன் பங்குக்குக் கட்டங்கள் போட்ட ஒரு பெரிய தாளை அச்சிட்டு வந்தான். கப்பல்கள் இனிக் கட்டத்தின் நடுவில் மட்டுமே நிற்கும். நூல் பிடித்துப் பார்க்க வேண்டாம், அகலமா செவ்வகமா என்ற வாதம் வேண்டாம். மூவரும் கைகுலுக்கிக்கொண்டோம். எதிரிக்குக் குறுக்குச்சாய்வான கட்டத்தில் போய் நிற்கும் கப்பல் எதிரியின் கோட்டின் மேல் மிகச் சரியாக, ஐயத்துக்கே இடமின்றி நிற்கும் என்பது அப்போது எங்களுக்குத் தோன்றவில்லை. சாருக்குத் தோன்றியிருக்கிறது. சொல்லவில்லை.

இதற்கிடையில் நண்பனின் வீட்டில் கெடு வைத்துவிட்டார்கள். அவன் குடும்பம் விருதுநகரில் தலைமுறையாக வியாபாரத்தில் இருக்கும் முஸ்லிம் குடும்பம். அவனுடைய மாமு வத்தல் மண்டி வைத்திருக்கிறார். கூட உட்கார ஆள் தேடிக்கொண்டிருந்தார். "பொம்மக் கப்பல் அச்சுக்குப் போச்சுன்னா நீ அங்கனயே இரு. இல்லையா, மாமுகூடப் போய் உக்காரு" என்று அவன் அத்தா சொல்லிவிட்டார். இவனும் சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டான். மிளகாய் வத்தல் மூட்டை இறங்கும் தெருவுக்குள் நுழைந்தாலே கண் சிவந்து தும்முகிறவன் அவன். வாழ்நாள் முழுவதும் அந்தத் தெருவிலா என்று நினைத்தாலே எனக்கு மூக்கு அரித்தது.

அச்சக முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்பார்கள். காலண்டர் சீசன் முடிந்ததும் சில மாதங்கள் மெஷின்கள் சும்மா கிடக்கும். அந்த இடைவெளியில் ஆட்டத்தை அச்சடித்துத் தர முடியுமா என்று நண்பன் கேட்டான். அவர் ஒரு நிபந்தனை போட்டார்.

"என் கண்ணு முன்னால ஆடிக் காட்டுங்கலே. எனக்குப் புரிஞ்சா ஊருக்கே புரியும். கடைசிக் காலண்டர் லோடு ஏத்த வண்டி வர்ற வரைக்கும் உக்காந்திருக்கேன். அப்புறம் கூப்புடாதீக."

அச்சடித்த தாள்களை அடுக்கும் நீள மேசையில் ஆட்டத்தை விரித்தோம். காகிதக் கப்பல்கள் பறந்துவிடும் என்பதால் மின்விசிறியை நிறுத்த வேண்டியிருந்தது. அண்ணாச்சி துண்டால் விசிறிக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். விதிப்புத்தகத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார். கனம் பார்த்தார். திரும்ப வைத்தார்.

"இது வெளையாட்டா, பேங்க் லோன் பாரமா?"

"இந்தப் புள்ள எழுதுனது அண்ணாச்சி. மேடம் எம்.ஏ." என்று நண்பன் என்னைக் காட்டிக்கொடுத்தான்.

"அதான் பாத்தேன்."

எனக்கு ஒரே ஒரு பெரிய கப்பல். சாருக்கு ஒரே அடியில் முடிந்துபோகும் சிறு கப்பல்களின் கூட்டம். நண்பன் நின்றுகொண்டு விளக்கினான். பெரிய கப்பல் முதலில் நகர வேண்டும் என்பதால் நான் ஒரு கட்டம் முன்னேறினேன். சார் தன் கப்பல்களை ஒவ்வொன்றாக, நிதானமாக, கட்டங்களை விரலால் எண்ணி நகர்த்தினார். அவர் கையை எடுத்தபோது அவருடைய படை முழுவதும் என் கப்பலிலிருந்து கிளம்பும் குறுக்குச்சாய்வான ஒரே கோட்டில், பள்ளி வழிபாட்டில் நிற்கும் பிள்ளைகளைப் போல வரிசையாக நின்றது.

"சுடு தாயி" என்றார் அண்ணாச்சி.

"முடியாது அண்ணாச்சி. சார் கோட்டு மேல நிக்காரு."

"சரி, சார் நீங்க சுடுங்க."

"எனக்கும் முடியாது அண்ணாச்சி. நான் அவுக கோட்டுல நின்னா, அவுக என் கோட்டுல நிப்பாக. சமச்சீர்" என்று சார் பெருமிதத்தோடு சொன்னார்.

அடுத்த சுற்றில் திரும்பினேன். கால் வட்டம் திரும்பினாலும் மூலை மூலைதான். கோடு அங்கேயேதான் இருந்தது. மீண்டும் முன்னேறினேன். சாரின் படையும் கூடவே ஒரு கட்டம் நகர்ந்து மறுபடி கோட்டில் வந்து நின்றது. நான் எங்கே போனாலும் அவர் பார்த்துவிட்டுத்தானே நகர்கிறார். மேசைக்கடியில் அவர் காலை மிதித்தேன்.

"சார், கொஞ்சம் வெளிய வாங்க."

"எதுக்கு வரணும்? எட்டாம் விதி இருக்குல்ல. நீங்கதான எழுதுனீக?"

"தம்பி பொழப்பு சார்."

"பொழப்பு வேற, விதி வேற. தப்பா ஆடிக் காட்டி அண்ணாச்சிய ஏமாத்தச் சொல்றீகளா?"

நேர்மையாளர்களோடு பழகுவதில் இதுதான் தொல்லை. அவர் சொன்னதில் ஒரு சொல்லையும் என்னால் மறுக்க முடியவில்லை. அடுத்த சுற்றும் இப்படியே போனது. அதற்கடுத்ததும் போனது. அண்ணாச்சி துண்டை வேகமாக விசிறத் தொடங்கினார். தேநீர் வந்தது, குடித்தார், தம்ளரை மேசையில் வைத்தார். அதுதான் அன்று மேசையில் கேட்ட பெரிய சத்தம்.

"ஏலே, ஒண்ணு கேக்கேன், கோவிக்காத. சிவகாசில உக்காந்துக்கிட்டு, பட்டாசுக் குழாய்ல கப்பலும் செஞ்சு, எம்புட்டு நேரம் ஆடுனாலும் வெடிக்காத ஒரு வெளையாட்டப் போட்டா, எவன்லே வாங்குவான்? ஈரமாப் போன சரக்குன்னு சொல்லித் திருப்பி விட்ருவான்லே."

நண்பன் சிரிக்க முயன்றான். முகம் பாதியில் நின்றுவிட்டது. வெளியே தெருவில் ஏதோ ஒரு லாரி ஒலியெழுப்பியது. அவன் திரும்பிப் பார்த்தான். அது வேறு அச்சகத்துக்குப் போகும் வண்டி. அவன் மேசையின் விளிம்பைப் பிடித்தபடி நின்ற விதத்தைப் பார்த்ததும், இனி இந்த மேசையில் யாராவது சுடப்பட்டே ஆக வேண்டும் என்பது எனக்கு உறுதியாயிற்று. சார் வரப்போவதில்லை. மீதமிருந்தது நான்தான்.

என் கப்பலை முழு வேகத்தில் செலுத்தினேன். முழு வேகத்தில் போகும் கப்பல் அந்தச் சுற்றில் சுட முடியாது. அது பற்றிக் கவலைப்படும் நிலையில் நான் இல்லை. சாரின் படையைத் தாண்டிப் போய், அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். என் பின்வீச்சு முழுவதும் அவருக்கு. பீரங்கி இல்லாத பக்கம். சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கும் யானையைப் போல இருந்தது என் கப்பல்.

"என்ன செய்றீக?" என்றார் சார்.

"ஆடுறேன் சார்."

"முதுகக் காட்டிட்டு நிக்கீக."

"விதில தப்பில்லையே."

அவர் தன் கோட்டைப் பார்த்தார். என் முதுகைப் பார்த்தார். இத்தனை ஞாயிற்றுக்கிழமைகளில் யாரும் அவருக்கு முதுகு காட்டியதில்லை. கணக்கைக் கைவிட்டு அவர் கை மெல்லக் கப்பல்களின் பக்கம் போயிற்று. நெருங்கிச் சுட்டால் அடி கூடும் என்பது ஆட்டத்தின் இன்னொரு விதி. ஆகவே எல்லாக் கப்பல்களையும் திருப்பி, என் வால் எஞ்சினை ஒட்டினாற்போல ஒரே கும்பலாகக் கொண்டுவந்து அடைத்தார். பகடையை உருட்டினார். மறுபடி உருட்டினார். கன்னம் சிவந்திருந்தது. பொங்கலுக்கு ஊருக்கு வந்த பிள்ளையைப் போல ஒவ்வொரு அடிக்கும் கைதட்டினார். என் கப்பல் முடிந்தது.

"செயலிழந்துருச்சு!" என்று கூவினார்.

"என்னது?" என்றார் அண்ணாச்சி.

"வெடிச்சிருச்சு அண்ணாச்சி" என்றான் நண்பன். பிறகு மேசையையே உற்றுப் பார்த்தான். புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பிக் கடைசிப் பக்கத்தைத் திறந்தான். "சார். ஒரு சாணுக்குள்ள இருக்கிறது எல்லாம் அடிவாங்கும்னு போட்டிருக்கு."

"எங்க போட்டிருக்கு?"

"கடசிப் பக்கத்துல."

பின்விளைவுகளை எடைபோடுவதற்காகவே சம்பளம் வாங்கும் எனக்கு அந்த விதி அந்த நேரத்தில் நினைவிலேயே இல்லை. சாரை என் மேல் சுட வைத்தால் போதும் என்று மட்டுமே எண்ணியிருந்தேன். சார் அவசரமாகத் தன் கையை விரித்து அளந்தார். கடைசியில் நின்ற ஒரு கப்பலாவது அவர் சாணுக்கு வெளியே இருக்கும்போலிருந்தது. அதற்குள் அண்ணாச்சி நாற்காலியிலிருந்து எழுந்து வந்து தன் கையை மேசை மேல் பரப்பினார். ரீம் ரீமாகத் தாள் தூக்கிய கை. சாரின் படை முழுவதும் அதன் கீழே மறைந்துபோயிற்று.

"இந்தா ஒரு சாண்."

"அண்ணாச்சி, யாரு சாண்னு விதில சொல்லல."

"என் மேச, என் சாண். அது கெடக்கட்டும், நீங்க புள்ளைகளுக்குப் பாடம் சொல்றவக. இப்படியா அம்புட்டையும் ஒரே எடத்துல அடைச்சு நிப்பாட்டுவாக? அங்கன ஒண்ணு, இங்கன ஒண்ணுன்னு தள்ளி வைக்க வேணாம்? இன்ஸ்பெக்சன் வந்தா அன்னைக்கே சீல் வச்சுட்டுப் போயிருவான்யா!"

சொல்லி முடிக்கும் முன்பே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அவரே ஒவ்வொரு கப்பலாக எடுத்து மேசையிலிருந்து அகற்றினார். அவர் சிரித்ததற்காக நான் சற்று வருந்தினேன் என்பதையும் சொல்ல வேண்டும். பிறகு பார்த்தேன்: அகற்றும்போது ஒரு கப்பலின் முனைகூட எங்கள் மூவர் பக்கமும் திரும்பாதபடி, மூக்கைக் கீழே சாய்த்தே எடுத்தார். மருந்தில்லாத குழாய் என்று தெரிந்தும் அப்படித்தான் எடுத்தார். இந்த ஊரில் எல்லோரும் அப்படித்தான் எடுப்போம்.

மேசை காலியாயிற்று. யார் வென்றார் என்பதற்கு விதி இல்லை.

வாசலில் வண்டி வந்து நின்றது. அண்ணாச்சி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். கதவருகே போய்த் திரும்பி நண்பனைப் பார்த்தார்.

"பெட்டி எத்தன கலர்லே?"

"நாலு அண்ணாச்சி."

"வார்னிஷ் போட்ருவோம். அந்தக் கோட்டு விதியத் தூக்கிருங்க. கடசிப் பக்கத்து விதியக் கொண்டாந்து மொதப் பக்கத்துல போடுங்க."

அவர் வெளியே போனதும் நண்பன் மின்விசிறியைப் போட்டான். கட்டங்கள் போட்ட தாள் எழும்பிச் சாரின் முகத்தில் ஒட்டிக்கொண்டது. யாரும் எடுத்துவிடவில்லை.

விருதுநகருக்குத் திரும்பும் பேருந்தில் நான் எட்டாம் விதியைத் திருத்தினேன். தூக்கிவிடுங்கள் என்று அண்ணாச்சி சொன்னாரே தவிர, அந்த இடத்தில் எதை வைப்பது என்று சொல்லவில்லை. சுடுகிறவருக்குப் பலனைக் கொடுக்க இன்னமும் எனக்கு மனமில்லை. ஆனால் நான் யாருக்காக அந்த விதியை எழுதினேனோ, அந்த அப்பாவிக் கப்பல் எந்த ஆட்டத்திலும் வந்து அந்தக் கோட்டில் நின்றதில்லை. அங்கே நின்றவர் சார் ஒருவர்தான். அடைக்கலமாக நான் கட்டிய இடத்தில் அவர் கூடாரம் அடித்துவிட்டார். விதியைப் படிக்க நேரமும் பொறுமையும் உள்ளவர்தான் அதனுள் முதலில் குடியேறுகிறார். என் அலுவலக நெறிமுறைகளிலும் இதுதான் நடக்கிறதோ என்ற எண்ணம் ஆமத்தூர் வருவதற்குள் வந்து, இறங்கும்வரை கூடவே இருந்தது.

முன் இருக்கையில் இருந்த சார் திரும்பி, "என்னதான் எழுதிருக்கீக?" என்றார். காட்டினேன். கோட்டின் மேல் நிற்கும் கப்பல் இரண்டு வீச்சிலும் நிற்பதாகவே கொள்ளப்படும். இரண்டு பீரங்கிகளாலும் அதைச் சுடலாம்.

"இது அநியாயம். கோட்டுக்கு அகலமே இல்லைங்கேன்."

"இருக்கு சார்" என்றான் நண்பன், கண்ணைத் திறக்காமலே. "இனிமே ரெண்டு பக்கமும் இருக்கு."

பெட்டி அச்சாகி வந்தது. நண்பன் அச்சகத்திலேயே இருக்கிறான். மாமு வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டார். விதிப்புத்தகம் இப்போது ஒரே தாள், இரண்டாக மடித்தது. அதில் 'வெடிக்கும்' என்றே இருக்கிறது. அலுவலகத்தில் எந்த நெறிமுறையை எழுதினாலும் அதைக் கையெழுத்துக்கு அனுப்பும் முன் சாரிடம் கொடுத்து, இதில் எங்கே போய் ஒளிந்துகொள்ளலாம் என்று கேட்கிறேன்.